வாசலில் உடைத்த பூசணிக்காய்

தினேஷ்,

தூங்குகிறாய், எழுப்பவில்லை. உப்புமா ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. முழங்கால் கட்டை நனைத்துவிடாதே.

பதினொரு மணிக்கு உன் அம்மா வந்துவிடுவார். சாவி பக்கத்து வீட்டு மஞ்சுளா ஆன்ட்டியிடம் இருக்கிறது, அவரே கதவைத் திறந்துவிடுவார். நீ நொண்டிக்கொண்டு எழுந்திருக்காதே. எப்படி விழுந்தாய் என்று அம்மா கேட்டால், நாய் குறுக்கே வந்தது என்று சொல். ஆயுத பூஜைக்கு வண்டிக்குத் திருஷ்டி கழித்து உடைத்த பூசணிக்காயிலேயே வண்டி வழுக்கியது என்று தெரிந்தால், இன்னொரு பூசணிக்காய் உடைக்கச் சொல்வார்.

அன்றைக்கே அள்ளிப் போடலாம் என்றேன். "திருஷ்டி கழிச்சத யாராச்சும் தொடுவாங்களாடி?" என்றாய். மழையில் ஊறி வாசலெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. இன்று காலை நான்தான் பெருக்கி அள்ளினேன். கையில் குங்குமம் இன்னும் போகவில்லை.

தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். தூறல் போட்டதும் எல்லா ஆட்டோக்காரரும் வரமாட்டேன் என்று கன்னடத்தில் "பரல்ல மேடம்" சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் வண்டியை நான் எடுத்துப் போகிறேன். கத்தாதே.

கோபமா என்று நேற்று கேட்டாய். ஆமாம். நீ விழுந்த சத்தம் கேட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தேன். நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்கு ஒண்ணும் ஆகலயே?"

பவானி

பி.கு.: இடது பக்கக் கண்ணாடி மட்டும்தான் உடைந்திருக்கிறது.

இன்னொன்று. ஆபீஸ் சேர்ந்ததும் போன் செய்வேன். முதலில் என்னைக் கேள். வண்டியைப் பிறகு கேட்கலாம்.