என் பெயரில் உன் கடன்

புதன்கிழமை

அன்புள்ள சின்னவளுக்கு,

பெரியவள் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே, முழுக்கப் படி. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். உன் சுகத்தை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

உன் பழைய நம்பரில் கூப்பிட்டால் வேறு யாரோ எடுக்கிறார்கள். இந்த முகவரி எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் வேலை பார்க்கும் பல் லேபை முதலாளி விற்கப்போகிறார். கண் சரியாகத் தெரியவில்லை, மெழுகில் பல்லை வைத்தால் வரிசை கோணிப்போகிறது என்று அவரே சொல்கிறார். பதினேழு வருஷமாக அங்கே பல் செட் செய்கிறவள் என்பதால், வெளியாளுக்குக் கொடுக்கும் முன் என்னைக் கேட்டார். இவரும் “யோசிக்காத, எடுத்துக்கோ” என்றார். வங்கியில் கடனுக்கு எழுதிப் போட்டேன். இதுவரை யாரிடமும் ஒரு பைசா கடன் வாங்காதவள், என்னை யார் வேண்டாம் என்பார்கள் என்ற தெனாவெட்டு வேறு.

வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். என் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏற்கெனவே ஒரு கடன் இருக்கிறதாம், அதில் கடைசி மூன்று தவணை கட்டவில்லையாம். மேனேஜர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். என் பெயர், நம் பிறந்த தேதி, என் அடையாள அட்டை எண். கீழே நான் கேள்விப்பட்டே இராத ஒரு நிதி நிறுவனம். கடன் கொடுத்த கிளை இருப்பது உன் ஊரில்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நீதான் என் பெயரை வைத்து வாங்கிவிட்டாய் என்று நினைத்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் வீட்டுக்காரர் கடை வைக்க என்னிடம் ஜாமீன் கையெழுத்துக் கேட்டு வந்தாய். உனக்கென்றால் போடுவேன், அவரை நம்பிப் போடமாட்டேன் என்று வாசலோடு அனுப்பினேன். அதற்குத்தான் பழிவாங்கிவிட்டாய் என்று இவரிடம் குதித்தேன். “அவ அப்படிப்பட்டவ இல்ல, முதல்ல விசாரி” என்றார். அப்படிச் சொன்னதற்காக இவரோடும் இரண்டு நாள் பேசவில்லை.

ரிப்போர்ட் தயாரிக்கும் கம்பெனிக்கு, இது என் கடன் இல்லை என்று ஆட்சேபம் எழுதினேன். நிதி நிறுவனத்தைக் கேட்டுச் சொல்ல முப்பது நாள் ஆகும் என்றார்கள். முப்பதாம் நாள் பதில் வந்தது. விவரம் சரிபார்க்கப்பட்டது, மாற்றம் இல்லை. ஒரே வரி. மறுநாளே லீவு போட்டுவிட்டு, அந்த நிறுவனத்துக்கு இங்கே இருக்கிற கிளைக்குப் போனேன். நீ என்னை ஏமாற்றிவிட்டாய் என்று ஒரு புகாரும் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். உன் பெயரைப் போட்டுத்தான்.

கவுன்டரில் இருந்த அம்மாள் நிதானமானவர். “யாரோ ஏமாத்திட்டாங்கன்னு எழுதிக் குடுத்தா சீக்கிரம் எடுத்துடுவாங்க, ஆனா போலீஸ்ல புகார் குடுத்த ரசீது வேணும். எங்க பக்கத் தப்புன்னா நாங்க விசாரிச்சு மேல அனுப்பணும், ரெண்டு மாசம்கூட ஆகலாம்” என்றார். எதற்கும் முதலில் விண்ணப்பத்தைப் பார்த்துவிடலாம் என்று உன் ஊர்க் கிளையிலிருந்து நகல் வரவழைத்தார். ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

தாள் வந்தது. உன் கையெழுத்து, உன் பெயர், உன் முகவரி, உன் அட்டை எண். எல்லாம் ஒழுங்காக உன்னுடையவை. இந்த முகவரியும் அதில் பார்த்து எழுதிக்கொண்டதுதான். நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் ஒன்றாக வரிசையில் நின்று அட்டை வாங்கினோம் இல்லையா, கடைசி இலக்கம் மட்டும்தான் வித்தியாசம். எனக்கு ஆறு, உனக்கு ஏழு. கம்ப்யூட்டரில் ஏற்றியவர் ஏழை ஆறாக அடித்துவிட்டார். பிறந்த தேதியும் இனிஷியலும் ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்ததற்கு இப்படியும் ஒரு பலன்.

அதே தாளில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. உன் வீட்டுக்காரர் பெயர் இருக்கும் என்று நினைத்தேன். என் பெயர் இருந்தது. உறவு என்ற இடத்தில் ‘அக்கா’ என்று எழுதியிருந்தாய். பதினொரு நிமிஷம் முன்னால் பிறந்ததற்கெல்லாம் மரியாதை கிடையாது போ என்று சொல்கிறவள் நீ. அதுவும் நான் உன்னைத் திருப்பி அனுப்பி ஒரு வருஷம் கழித்து நிரப்பிய தாள். நீ எழுதியிருந்த என் நம்பரை நான் மாற்றி நாளாகிறது. உனக்கு என்ன ஆகியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

இது உங்கள் கையெழுத்தா என்று அந்த அம்மாள் கேட்டார். இல்லை என்றேன். யாருடையது என்று தெரியுமா என்றார். என் தங்கச்சி என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அப்ப இது எங்க தப்புதான்” என்றார். கைப்பையில் இருந்ததை நான் வெளியே எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன்.

ஏழு வாரம் ஆயிற்று. முதலாளி முணுமுணுத்துக்கொண்டே பொறுத்திருந்தார். போன வெள்ளிக்கிழமை புது ரிப்போர்ட் வந்தது, அந்தக் கடன் அதில் இல்லை. வங்கியும் சரி என்றுவிட்டது. அடுத்த மாதம் லேப் என் கைக்கு வருகிறது.

ஆனால் என் பெயரிலிருந்து எடுத்ததை உன் பெயரில்தான் சேர்ப்பார்கள். அது போக வேண்டிய இடம் அதுதானே என்றார் அந்த அம்மாள். அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். உன் கஷ்டத்தை உன் தலையில் இறக்கிவிட்டு நான் லேப் வாங்குகிறேன் என்று எப்படி எழுதுவது?

பாக்கியைக் கட்டிவிட்டால் மேற்கொண்டு கெடாது, பழைய தாமதம் மட்டும் சில வருஷம் நிற்கும் என்றார் அவர். நான் கட்டட்டுமா? உன்னைக் கேட்காமல் கட்டினால் அது வேறு விதமாக ஆகிவிடும் என்றுதான் கேட்கிறேன். நீயும் உன் ரிப்போர்ட்டை ஒருமுறை எடுத்துப் பார். தப்பு ஏதாவது இருந்தால் ஆட்சேபம் எழுத நான் சொல்லித் தருகிறேன். இப்போது அதில் தேறிவிட்டேன்.

கடன் எதற்கு என்ற இடத்தில், சொந்த வைத்தியம், ஆபரேஷன் என்று எழுதியிருந்தாய். பின்னால் குத்தியிருந்த ஆஸ்பத்திரித் தாள்களை அந்த அம்மாள் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. இருபத்திரண்டு தவணை ஒரு நாள்கூடத் தள்ளாமல் கட்டியிருக்கிறாய். மாதா மாதம் ஐந்தாம் தேதி. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கையில் பணம் இல்லாமல் நின்றுபோனதா, இல்லை உனக்கு முடியாமல் போனதா? எத்தனை தடவை புரட்டினாலும் ரிப்போர்ட்டில் அது இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். இவரும் வருகிறேன் என்றார், நான்தான் முதலில் தனியாகப் போகிறேன் என்றேன். வர வேண்டாம் என்றால் எழுதிப் போடு, வரமாட்டேன். மூன்று வருஷமாக நீ பேசாமல் இருந்ததை வராதே என்று எடுத்துக்கொண்டேன். இந்த முறை பேசாமல் இருந்தால் வா என்று எடுத்துக்கொள்வேன்.

உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல். நான் வரும் வரை கனமான எதையும் தூக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெரியவள்