இருபத்தேழுக்குப் பக்கத்தில் ஒரு சைபர்

ஜூன் 3, செவ்வாய்

புதிய கம்ப்ரஸருக்கு நான் போட்ட வரைபடத்தில் மேனேஜர் சிவப்புப் பேனாவை ஓட்டிவிட்டார். கூலர் வேண்டாமாம். காற்றை எட்டு மடங்கு அழுத்த வேண்டும். வெப்பநிலை மாறாமல் அழுத்துவதாகக் கணக்கு. அதற்குத்தான் சுற்றிலும் தண்ணீர் ஓட விட்டிருந்தேன்.

“உள்ள போறப்ப இருபத்தேழு டிகிரி, வெளிய வர்றப்பவும் இருபத்தேழுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. சூடே ஏறல. அப்புறம் எந்தச் சூட்டை எடுக்க இவ்வளவு தண்ணி?”

பதில் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கையெழுத்தாகிவிடும். ஆகட்டும். அப்பாவைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டிவிட்டுக் கிளம்புவதற்குள்ளேயே அன்றைக்கான பேச்சு எனக்குத் தீர்ந்துபோகிறது.

ஜூன் 4

மூக்குக்கண்ணாடி ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. அப்பாவைக் கேட்டால், “கண்ணு எரியுதுன்னு வச்சேன்” என்கிறார். சிரிப்பதா என்ன செய்வதா என்று தெரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

மதியம் சாப்பிடாமல் கணக்கைத் திரும்பப் போட்டேன். ஒரு கிலோ காற்றை அழுத்த 179 கிலோஜூல். விநாடிக்கு நூறு கிராம் காற்று, ஆக ஏறக்குறைய பதினெட்டு கிலோவாட் வேலை. வெப்பநிலை மாறாததால் காற்று அதில் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. கொடுத்த வேலை அத்தனையும் வெப்பமாக வெளியே போயாக வேண்டும். பதினெட்டு உள்ளே, பதினெட்டு வெளியே.

தண்ணீரை நிறுத்தினால்? காற்று 270 டிகிரிக்குப் போகும். வேலையும் இருபத்து நாலு கிலோவாட்டைத் தாண்டும். அவர் வாங்கச் சொல்லும் மோட்டார் இருபதுதான். அதாவது, குறைந்த வேலை என்று காட்டும் கணக்கு அவருக்கு வேண்டும். அதைக் குறைவாக வைத்திருக்கிற தண்ணீர் வேண்டாம்.

பேச்சில் நமக்கு எல்லாமே சூடுதான். வெப்பநிலையும் சூடு, வெப்பமும் சூடு. அங்கேதான் வழுக்கியிருக்கிறார். ஏறாத சூடு வேறு. போய்க்கொண்டே இருக்கிற சூடு வேறு.

ஜூன் 6, வெள்ளி

சொல்லிவிட்டேன். “இருபத்தேழுக்குப் பக்கத்துல ஒரு சைபர் போட்டுக்கங்க சார். தண்ணி இல்லேன்னா அதுதான் வெளிய வரும்.”

கால்குலேட்டரைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். சிவப்புக் கோட்டை அவரே அடித்துவிட்டு, “இதச் செவ்வாக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல? நீங்க பாட்டுக்கு கம்முனு இருந்தா நான் சரின்னுதானே நினைப்பேன்” என்றார்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த வார்த்தைதான். கம்முனு இருந்தால் சரி என்றுதானே நினைப்பார்கள் - எல்லோரும்.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து அப்பா, “ஆபீஸ் போகலையா?” என்று கேட்டபடியே இருந்தார். ஒருமுறை கத்திவிட்டேன். அவர் முகம் - வேண்டாம், எழுத வேண்டாம்.

வழக்கம்போல் தங்கை கூப்பிட்டாள். “நீ இருக்கறதால அப்பாவப் பத்திக் கவலையே இல்லக்கா. நீதான் எதுக்கும் சூடாக மாட்டியே.”

“முடியலடி எனக்கு. ரெண்டு மாசம் நீ கூட்டிட்டுப் போ.”

“என்னக்கா திடீர்னு? நல்லாத்தானே இருந்த?”

“அப்படித் தெரியுதுல்ல, அதுதான் பிரச்சினை.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டாள். கேட்டது தப்பா? பெற்ற அப்பாவைத் தள்ளிவிடுகிறேனா? அவளுக்கும் அப்பாதானே.

ஜூன் 11

தங்கை கூப்பிடவில்லை.

ஜூன் 14, சனி

காரோடு வந்து நின்றாள். முகத்தை உம்மென்று வைத்திருந்தாள். மாத்திரை, செருப்பு, ஃப்ரிட்ஜிலிருந்து கண்ணாடி. அப்பா காரில் உட்கார்ந்துகொண்டு, “பெரியவளே, நீ ஏறலையா?” என்றார்.

“ஆபீஸ் போகணும்ப்பா” என்றேன். சனிக்கிழமை.

ஜூன் 15

தூங்கினேன்.

ஜூலை 24, வியாழன்

கம்ப்ரஸரை இன்று ஓட்டிப் பார்த்தார்கள். வெப்பமானி இருபத்தொன்பதில் நின்றது; இருபத்தேழிலேயே நிற்க அது காகிதம் இல்லையே. வெளியேறும் தண்ணீரில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. யாரும் கூப்பிடும்வரை கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள். எடுத்ததுமே பொரிந்தாள். அப்பா குழாயை மூடவில்லை, ரிமோட்டைக் காணோம், சொன்னதையே சொல்கிறார், அவள் வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை. “நீ எப்படிக்கா ஒரு வார்த்த சொல்லாம இருந்த?” அழுகையும் வந்தது.

ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கச் சொன்னேன். ரிமோட் இருந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். பிறகும் பேசினாள். குறுக்கே எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“சரி, ஞாயித்துக்கிழமை பேசறியா?” என்றேன்.

“அதுவரைக்கும் எங்க தாங்கறது? நாளைக்கே கூப்பிடுவேன்” என்றாள்.