சப்பாத்திக் கடைக்கு ஒரு காரணம்

அன்பு வனஜா, ஊரே பயப்படுகிற என் வாயாடியே,

கடை திறந்துவிட்டேன். புத்தூரில் நீ பார்த்துவைத்த அதே இடம்தான். மாவு பிசைய ஒரு மெஷின், தேய்க்க இரண்டு பெண்கள், அப்புறம் நான். பலகையில் தெலுங்கு மேலே, தமிழ் கீழே. உன் பெயரை வைக்கலாமே என்று உன் வீட்டுக்காரர் ஆசையாகக் கேட்டார், நான்தான் வேண்டாம் என்றேன். அதற்குள் கோபித்துக்கொள்ளாதே. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நம் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நாம் இருவரும் ஸ்ரீசிட்டியில் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்தவர்கள். புத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். நான் தூங்கலாம் என்று கண்ணை மூடினால் உனக்குப் பொறுக்காது, தோளை இடித்து எழுப்பி உன் திட்டத்தை ஆரம்பிப்பாய்.

"ஹாஸ்டல் பசங்க எல்லாம் நைட்டு சப்பாத்திதான்டி துன்னுதுங்க. நாம அரைவேக்காடா சுட்டு பாக்கெட் போட்டுக் குடுத்தா போதும், அவங்க கல்லுல போட்டு எடுத்துக்குவாங்க."

நீ சுட்ட சப்பாத்தியை நான் பார்த்திருக்கிறேன் என்பதால் சிரிப்பேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாநிலத்தின் வரைபடம் போல இருக்கும். அதற்குத்தான் உன்னைக் கூட்டுச் சேர்க்கிறேன் என்பாய்.

ஏன்டி இந்த ஆசை என்று ஒருநாள் கேட்டேன். நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "என் தம்பி வயசு சூப்பர்வைசர் பையன்கிட்ட கைய தூக்கிக்கினு நின்னு, பாத்ரூம் போவட்டான்னு கேக்கணுமாடி? நான் எழுந்திருக்கணும்னா எழுந்திருக்கணும். அவ்ளோதான்." பின் சீட்டில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

அந்த மழைக்காலத்து டெங்கு உன்னைக் கொண்டுபோனது. காரியமெல்லாம் முடிந்த பிறகு, வேலையை விட்டுவிட்டு உனக்காக அந்தக் கடையை வைக்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு நகரியில் பவர்லூம் வேலை, வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. குடும்பம் நிற்பது என் சம்பளத்தில். "செத்துப்போனவளுக்காக யாராவது கடை வெப்பாங்களா? மூணு மாசம் கழிச்சி நாம இன்னா துன்றது?" என்று கேட்டார். தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

திருப்பதியில் புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஒரு பயிற்சி நடக்கிறது என்றார்கள். இருந்த லீவையெல்லாம் சேர்த்துப் போட்டுவிட்டுப் போனேன். முதல் நாள் அந்த சார் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். "எந்துக்கு பெட்டாலனுகுண்டுன்னாரு?" எதற்காகத் தொழில் வைக்க நினைக்கிறீர்கள் என்று.

நீ இருந்திருக்க வேண்டும் வனஜா, கேட்டு ரசித்திருப்பாய். சித்தூரிலிருந்து முனிரத்தினம் என்று ஒருவர், அடுத்தவர் மண்டியில் மாங்காய் எடை போட்டே தலை நரைத்தவர். "பொண்ணு கல்யாணம் வருது சார். பத்திரிகையில என் பேருக்குக் கீழ ப்ரொப்ரைட்டர்னு போடணும்" என்றார். அறையே சிரித்தது. பாவம், அவர் நிஜமாகத்தான் சொன்னார்.

பெங்களூரிலிருந்து திரும்பிவந்த ஒரு பையன், "உத்யோகம் போயிந்தி சார், இங்கேம் சேயாலி?" என்றான். வேலை போய்விட்டது, வேறு என்ன செய்வது என்கிறான். அவன் குரலில் தொழில் மேல் ஒரு துளி ஆசை இல்லை. ஆனால் அந்த வகுப்பில் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டவன் அவன்தான்.

பாகாலாவிலிருந்து சரோஜாக்கா. அவர்கள் வீட்டிலேயே ஓட்டல் இருக்கிறதாம். அப்புறம் எதற்கு இன்னொரு கடை என்று சார் கேட்டார். "கட்டிக்கினு வந்த நாளா அடுப்பாண்ட நிக்கிறேன் சார். கல்லாவுல மாமனார் உக்காந்தாரு, அப்புறம் புருஷன், இப்ப புள்ள. நானும் ஒரு கல்லாவுல உக்காரணும். அது எந்தக் கடையா இருந்தா இன்னா?"

பணம் என்று ஒருவரும் சொல்லவில்லை, கவனித்தாயா? பணம் வேண்டாம் என்பவர் அங்கே யாரும் இல்லை. ஆனாலும் கேட்டவுடன் வாயில் வருவது வேறு எதுவோதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு அவமானமோ ஆசையோ மனிதரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது போல.

என் முறை வந்தது. உன் வார்த்தைகளை அப்படியே சொன்னேன். எழுந்திருக்கணும்னா எழுந்திருக்கணும், அவ்ளோதான். கை தட்டினார்கள்.

மத்தியானம் சரோஜாக்கா டிபன் பாக்ஸோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அது யாரு பேசனது?" என்றார். நான்தான் என்றேன். "இல்ல. சிரிச்சிக்கினே அழுத. சொந்தக் கதைக்கு யாரும் அப்டி அழ மாட்டாங்க."

உன்னைப் பற்றிச் சொன்னேன். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு காரணம் அந்தப் பொண்ணோட போச்சு, பாவம். நாளைக்கு மெஷினு நின்னு, ஆளும் வராம, நீ ஒண்டியா நிப்ப. அன்னிக்கு அவ காரணம் உன்னத் தாங்குமா? நீ எதுக்கு வந்த?" என்றார். என் வீட்டுக்காரர் கேட்டதையே இவரும் வேறு மாதிரி கேட்கிறார் என்று எரிச்சல் வந்தது. உன்னைத் தெரியாதவர் உன்னைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

ரேணிகுண்டா வரும்வரை பஸ்ஸில் அந்த அக்காவை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் திட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. உண்மையைச் சொல்லட்டுமா? கை தூக்கிக் கேட்பது உன்னை உறுத்திய அளவுக்கு என்னை உறுத்தியதே இல்லை. எனக்கு அந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. நேரத்துக்கு டீ, மாதம் பிறந்தால் சம்பளம், பக்கத்தில் நீ. அப்படியானால் நான் எதற்காகக் கிளம்பினேன்?

நீ திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாள் நினைவுக்கு வந்தது. கம்பெனிக்குள் போனால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், எல்லோருக்கும் அதே விதி. ஷிப்டு முடிந்து திறந்தபோது உன் வீட்டுக்காரரின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. நடுவில் உன் குரலில் ஒரு பதிவு. "கோமு, சீக்கிரம் வாடி." கம்பெனி பஸ் ஒவ்வொரு ஊராக ஆளை இறக்கிக்கொண்டு வந்தது. புத்தூரில் காத்திருந்த என் வீட்டுக்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உன் முகத்தில் துணி போட்டிருந்தார்கள்.

என்ன சொல்லக் கூப்பிட்டாய்? உன் மகள் ஹாசினியைப் பற்றியா? பயமாக இருந்ததா? இல்லை, வழக்கம்போல எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கவா? இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அது என்னை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

பயிற்சியின் கடைசி நாள் சார் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். எழுந்து, எனக்குத் தெரிந்த தெலுங்கில், "மூசேதானிகி சார்" என்றேன். மூடுவதற்கு என்றேன். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். கடை எதற்கு என்றால் மூடுவதற்கு என்கிறாளே!

தமிழில் விளக்கினேன். எனக்கு வேண்டியவர்கள் யாராவது வா என்று கூப்பிட்டால், யாரையும் கேட்காமல் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஓட வேண்டும் சார். அது என் கடையாக இருந்தால்தான் முடியும். "பேங்குல இட்ல செப்பொத்தம்மா" என்றார் சார், வங்கியில் இப்படிச் சொல்லிவிடாதே என்று. சரோஜாக்கா மட்டும் என் கையைப் பிடித்து, "இது உன்னுது" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் நான் கத்திய கத்தலைப் பக்கத்தில் நின்று கேட்டவர் அவர். "வேலைய எப்ப வுடப்போற?" என்றார்.

இப்போது புரிகிறதா, பலகையில் உன் பெயர் ஏன் இல்லை என்று? உன் கடை வேறு, அது உன்னோடு பஸ்ஸிலேயே போய்க்கொண்டிருக்கிறது. இது என் கடை. திறந்த பிறகு ஒருநாள் அந்த அக்கா சொன்ன மாதிரியே மெஷின் நின்றது, தேய்க்க ஆளும் வரவில்லை. அழுதுகொண்டே கையால் பிசைந்தேன். ஆனாலும் விட்டுவிடத் தோன்றவில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம். ஒரு பெரிய ஹாஸ்டல் முதல்முறையாக ஆர்டர் கொடுத்திருந்தது. தேய்க்கிறவர்களில் ஒருத்தி வரவில்லை, இன்னொருத்தி புதியவள். மாவு டின் மேலிருந்த போன் அடித்தது. ஹாசினியின் பள்ளிக்கூடத்து டீச்சர். "வாள்ள நான்னகாரு போன் எத்தலேது. நீங்க ரண்டி அம்மா. ஒரு ஜத டிரஸ் எடுத்துக்கினு ரண்டி." உன் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டு எங்கேயோ இருந்தார், போனை எடுக்கவில்லை; அதனால் டீச்சர் என்னை வரச் சொன்னார். ஒரு செட் துணி என்றதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

புதியவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன். ஹாஸ்டல் மேனேஜருக்கு போன் செய்தேன். அவர் திட்டிய திட்டில் பாதி எனக்குப் புரியாத தெலுங்கு. இனிமேல் வேறு இடத்தில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். வருத்தமில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், நல்ல வருத்தம்தான்.

ஹாசினி ஸ்டாஃப் ரூம் மூலையில் டீச்சரின் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உன் மகள் பெரியவளாகிவிட்டாள், வனஜா. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. துணிப்பையோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்தவள், என் மேலெல்லாம் ஒட்டியிருந்த மாவைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்:

"பெரிம்மா, உனக்கு லீவு குடுத்தாங்களா?"

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் காய்ச்சலுக்கும் லீவு கேட்டுக் கிடைக்காத அம்மாவைத்தானே அந்தக் குழந்தைக்குத் தெரியும்.

"யாருடி குடுக்கணும்? நானே குடுத்துக்கினேன். எழுந்திரு, வூட்டுக்குப் போலாம்" என்றேன். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவள் அழுதாள். நானும்தான்.

கடை ஓடுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இதை உனக்கு எழுதித் தருகிறேன். நீ கூப்பிட்டபோது என்னால் வர முடியவில்லை. உன் மகள் கூப்பிட்டால், கல்லில் சப்பாத்தி இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு வருவேன்.

உன் ஹாசினிக்குப் பெரியம்மாவாகிப்போன,
கோமதி