மேசையைத் தட்டுமுன்

பட்டினப்பாக்கம்
4 ஜூன் 2025

அன்புள்ள ப்ரியா,

நீ கவுன்சிலரான பிறகு போன் செய்தால் உங்கள் கட்சி வட்டச் செயலாளர் வேம்புதான் எடுக்கிறார். அதனால் உன் வீட்டுக்கு மீன் கொண்டு வரும் தங்கம் அக்காவின் கூடையில் இதை அனுப்புகிறேன். வாடையைப் பொறுத்துக்கொள்.

நேற்று சிலர் வந்து இந்தப் பள்ளிக்கூடத்தை அளந்தார்கள். எங்கள் குடியிருப்பை இடித்தபோது, புதிது கட்டும்வரை என்று சொல்லி மாநகராட்சிக்காரர்கள் நீங்கள்தானே இந்த மூடிய பள்ளியில் எங்களை வைத்தீர்கள்? இப்போது விற்கப் போகிறீர்களாமே!

"இன்னா நைனா, என் கட்டிலையும் சேத்து அளந்துகினு போறியா?" என்று தங்கம் அக்கா கேட்டார். டேப் பிடித்தவன் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

என்னைப் பெற்ற அம்மி துணிகளை மூட்டை கட்டிவிட்டார். தினமும் உடுத்துவதைக்கூட அதிலிருந்துதான் எடுக்கிறார். "ப்ரியா இருக்கிறாள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே?

உன்
மஹ்விஷ்

*

ஆழ்வார்பேட்டை
7 ஜூன் 2025

என் மஹிக்கு,

வஞ்சிரத்துக்கு நடுவே உன் கடிதம் பத்திரமாக வந்தது.

குழுக் கூட்டத்தில் பள்ளிக்கூடத்தைப் பற்றி நெடுநேரம் பேசினோம். கல்யாண மண்டபம் கட்டலாம் என்றார் ஒருவர். கார் நிறுத்தலாம் என்றார் இன்னொருவர். கடைசியில், விற்றுவிடுவதே நல்லது என்றார்கள். "அங்கே ஆட்கள் இருக்கிறார்களே" என்றேன். "காலிக் கட்டடம்தானே மேடம்" என்று அதிகாரி ஃபைலை மூடிவிட்டார்.

வெளியே வேம்பு நின்றிருந்தார். "அனன்யா ஸ்கூல் வேன்லதானே போவுது? பத்திரம்மா" என்றார். மகள் வேனில் போவதை நான் அவரிடம் சொன்னதே இல்லை, மஹி. அன்றிலிருந்து தெருவில் வேன் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன்.

மன்றக் கூட்டம் பதினேழாம் தேதி. தீர்மான எண்களை மொத்தமாக வாசிப்பார்கள், எல்லோரும் மேசையைத் தட்டுவோம், நிறைவேறிவிடும். எதிர்ப்பவர் தட்டுவதற்குமுன் எழுந்துவிட வேண்டும். எங்கள் கட்சியில் இதுவரை யாரும் எழுந்ததில்லை.

நான் எழுவேன். அம்மியிடம் சொல்.

ப்ரியா

*

பட்டினப்பாக்கம்
10 ஜூன் 2025

அன்புள்ள ப்ரியா,

பயமாக இருந்தால் எழ வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எதிரே அம்மி மூட்டைமேல் தலை வைத்துப் படுத்திருக்கிறார். எழுத முடியவில்லை. மன்னித்துவிடு.

அனன்யாவைச் சில நாட்கள் நீயே பள்ளிக்கு அழைத்துப் போ. பதினேழாம் தேதி நாங்கள் மூவரும் பார்வையாளர் மாடத்தில் இருப்போம். "கவுன்சிலரம்மா எழுந்தா நான் விசிலடிப்பேன்" என்கிறார் தங்கம் அக்கா. இப்போதே வாயைப் பொத்திப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

உன்
மஹ்விஷ்

*

பட்டினப்பாக்கம்
20 ஜூன் 2025

ப்ரியா,

நீ அனுப்பிய சீட்டு கிடைத்தது. பழக்கத்தில் கை தானாகத் தட்டிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நம்புகிறேன். எண்களை அவ்வளவு வேகமாக வாசித்தார்கள். எங்கள் எண் எதுவென்று எனக்கே பிடிபடவில்லை. எல்லோரோடும் நீயும் தட்டினாய். பிறகு சட்டென்று உன் கையைப் பார்த்தாய். மாடத்திலிருந்து அது நன்றாகத் தெரிந்தது.

அப்போதாவது எழுவாய் என்று நினைத்தேன். தங்கம் அக்கா விரலை வாயில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். நீ தண்ணீர் குடித்தாய்.

எனக்குக் குழந்தை இல்லை. வேன் சத்தத்தை உன்போல் எனக்குக் கேட்கத் தெரியாது. அதனால் உன்னைத் திட்ட வாய் வரவில்லை. ஆனால் அம்மி கேட்கிறார், "ப்ரியா இருக்காள்னு சொன்னியே?" என்று.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். ஊருக்கு வெளியே எங்கோ இடம் தருகிறார்களாம். அங்கே கடல் இல்லை. தங்கம் அக்கா கூடையை விற்றுவிட்டார். அம்மிக்குப் புதிதாக மூட்டை கட்டும் வேலை இல்லை.

நீ எங்களைப் பார்க்க வர வேண்டாம். வேம்பு பார்த்துவிடுவார்.

இதைத் தபாலில்தான் போடுகிறேன். வாடை இருக்காது.

மஹ்விஷ்