எட்டுப் பக்கமும் படித்தவள்

ஜூன் 3
துணி துவைத்தேன். மாலையில் கல்லூரியிலிருந்து கடிதம்: பக்கத்து நாட்டிலிருந்து வந்து படிப்பவர்களுக்கு இனிக் கட்டணம் மூன்று மடங்கு. பழைய மாணவர்களுக்கு மட்டும் பழைய கட்டணமே. அப்பாடா. எல்லைக்கு அந்தப் பக்கம் அப்பா நிம்மதியாகத் தூங்கட்டும்.

ஜூன் 5
எனக்குப் புதுக் கட்டணம். என் அறைத்தோழி நெட்டைக்கும். ஒரே அறை, ஒரே ஊர், இருவருக்கும் கடைசி ஆண்டு. கட்டணப் பிரிவு எழுத்தர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"போன மாசம் புதுப் பாடத்திட்டத்துக்கு மாறுறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மாறினா புதுச் சேர்க்கை."
"துறைத் தலைவர்தான் போடச் சொன்னார்."
"அவரா கட்டப் போறார்?"
எங்கள் வகுப்புத் தூங்குமூஞ்சி அந்தப் படிவத்தைத் திறக்கவே இல்லை. அவனுக்குப் பழைய கட்டணம்.

ஜூன் 6
நெட்டை பேசவில்லை. பல் தேய்க்கும்போது மட்டும், கண்ணாடியைப் பார்த்து: "நான் வேணாம்னுதானேடி சொன்னேன். பெரிய படிப்பாளி நீ. நச்சரிச்சே போட வெச்ச."
உண்மை. அதனால்தான் எரிகிறது.

ஜூன் 10
கையெழுத்துக்காக வகுப்பு வகுப்பாக அலைந்த துறைத் தலைவர் இன்று, "கட்டணமெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்கிறார். அம்மாவாம். நீதி பற்றி இரண்டு புத்தகம் எழுதியவர். இரண்டையும் படித்திருக்கிறேன் — அடிக்கோடு வேறு போட்டு. தூ.

ஜூன் 14
அப்பாவிடம் சொன்னேன். "விக்கிறதுக்கு வீட்ல என்னம்மா இருக்கு?" கோபமே இல்லை. நிஜமாகவே யோசித்துக் கேட்டார். திட்டியிருக்கலாம்.

ஜூன் 19
குறைதீர்க் குழு. மூன்று பேர், ஒரு தட்டு பிஸ்கட். சக மாணவர் வற்புறுத்தியதால் படிக்காமல் கையெழுத்திட்டவர்களைப் பழைய கட்டணத்தில் சேர்ப்பார்களாம். வற்புறுத்தியவர் எழுதித் தர வேண்டும்.
"துறைத் தலைவர் வற்புறுத்தினா?"
"அது அறிவுரை," என்றார் நடுவில் இருந்தவர். "நீங்க படிச்சுப் பார்த்துதானே போட்டீங்க?"
யோசிக்காமல் ஆமாம் என்றுவிட்டேன். எட்டுப் பக்கமும் படித்தேன். ஏழாம் பக்கத்தில் 'மறுசேர்க்கை' என்று இருந்தது. புதுத் திட்டத்தில் மொழிபெயர்ப்புத் தாள் இருந்த ஆசையில் அதைத் தாண்டிப் போனேன்.

ஜூன் 20
நெட்டைக்கு நான் எழுதித் தராவிட்டால் இருவருமே ஊருக்குப் போவோம். அதில் ஓர் அற்ப ஆறுதல் இருக்கிறது. மதியம் முழுக்க அதை ருசித்துக்கொண்டிருந்தேன். நான் இப்படிப்பட்டவளா? இப்படிப்பட்டவள்தான்.

ஜூன் 21
எழுதிக் கொடுத்தேன். நான்தான் வற்புறுத்தினேன், அவள் படிக்கவில்லை — ஐந்து வரி. அன்பினால் இல்லை. இவள் முகத்தைப் பார்த்தபடி ஒரே பேருந்தில் ஊர் போக என்னால் முடியாது.
"டீ குடிக்கிறியா?" என்றாள் நெட்டை. பதினைந்து நாளில் முதல் பேச்சு.
"வேணாம்."
நன்றி என்று சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன்.

ஜூலை 15
ஊர்க் கல்லூரி. அங்கே படித்த இரண்டு ஆண்டுகள் இங்கே செல்லாதாம். முதலாண்டுச் சேர்க்கை வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற சின்னப் பெண் திரும்பி, "நீங்க எந்த ஸ்கூல்?" என்றாள்.
பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன்.