பதினோரு வினாடி

ஹார்ஷம்,
செப்டம்பர் 9

அன்புள்ள கிளைவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று எழுதியிருந்தாய். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். ஆனாலும் ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஜோஸ்லின் எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு வந்துவிட்டாள் என்பாய்.

வயலெல்லாம் கனோலா எண்ணெய்ப் பயிர் பூத்துவிட்டது. மேலே பறந்து போனால் மஞ்சள் கண்ணைக் குத்துகிறது. நம் விமானக் கொட்டகைக்குப் பக்கத்து மரத்தில் மாக்பை பறவை குஞ்சு பொரித்திருக்கிறது. வருகிறவர் போகிறவர் தலையையெல்லாம் கொத்துகிறது. ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் கவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டுதான் நான் கதவைத் திறக்கிறேன். நம் பயிற்சியாளர் மெர்வுக்கு எழுபத்தோரு வயதாகியும் வாய் மட்டும் குறையவில்லை. "ஜோஸ், இந்தக் கோலத்துல நீ போய் நின்னா எஞ்சின் பயந்து தானா ஸ்டார்ட் ஆயிடும்" என்றார். மறுநாள் அவர் காதிலேயே ஒரு கொத்து விழுந்தது. எனக்குப் பரம திருப்தி.

நம் விமானத்துக்கு முன்சக்கர டயர் மாற்றியாயிற்று. சனிக்கிழமை தவறாமல் இருபது நிமிஷம் நான் தனியாக ஓட்டிவிட்டு வருகிறேன். பக்கத்து இருக்கையில் உன் பழைய தொப்பி கிடக்கிறது, எடுக்கவில்லை.

நீ வேலைக்குப் போயிருக்கிற அந்த வெலிங்டன் துறைமுகத்துக் கணினிகள் எப்படி இருக்கின்றன? முப்பது வருஷப் பழைய நிரல், எழுதின மகராசன் ஒரு வரிக் குறிப்புகூட வைக்கவில்லை என்று திட்டியிருந்தாய். உன்னைக் குறிப்பு எழுத வைத்தவள் யார் என்று அங்கே இருப்பவர்களிடம் கொஞ்சம் சொல்லிவை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விமானம் ஓட்ட உடம்பு தகுதிதான் என்று நீ வருஷா வருஷம் தர வேண்டிய படிவம் தபாலில் வந்தது. இந்த வருஷம் நம் விமானச் சங்கத்துக்கு நான் செயலாளர் என்பதால் என் கைக்குத்தான் வந்தது. கார் ஓட்டுகிற அளவுக்கு உடம்பு இருந்தால் போதும், டாக்டர் தேவையில்லை, நாமே கையெழுத்துப் போடலாம் என்பது நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்த சலுகை. கடந்த ஓராண்டில் மயக்கமோ நினைவு தவறுவதோ உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டுக் கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறாய். அதை நான் மேலிடத்துக்கு அனுப்பவில்லை. என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

மின்னஞ்சலில் எழுதினால் பாதி படித்துவிட்டு 'சரி' என்று பதில் போடுவாய். நேரில் சொன்னால் வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். இருபத்திரண்டு வருஷம் நீ எழுதிய நிரல்களில் பிழை தேடியதுதான் என் பிழைப்பு. தப்பைக் காகிதத்தில் கொடுத்தால் உனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. "வாயால சொல்லாத ஜோஸ், எழுதிக் குடு. எப்போ, என்ன செஞ்சப்போ, என்ன நடக்கணும், என்ன நடந்துச்சு. அவ்வளவுதான்" என்பாய். அப்படியே எழுதுகிறேன்.

ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமை. நில் என்கிற ஊரில் மதியம் இறைச்சி வைத்த மீட் பை சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நீ இடது பக்கம், ஓட்டுவது நீ. காற்று லேசு, வானம் சுத்தம். ஓடுதளத்தை நோக்கித் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அங்கே நீ ரேடியோவில் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். சொல்லவில்லை, திரும்பவுமில்லை. விமானம் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. உன்னைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, கை ஓட்டும் பிடியில் இருந்தது, நீ மட்டும் அங்கே இல்லை. இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் வேலைப் புத்தி போகாதே, உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று வரை எண்ணியபின் என் பக்கத்துப் பிடியை எடுத்துத் திருப்பி, இறக்கினேன்.

தரையில் உருண்டு நின்ற பிறகு நீ சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. "நல்லா இறக்கினே ஜோஸ். கடைசித் திருப்பத்தை உனக்குக் குடுக்கலாம்னு தோணுச்சு, குடுத்துட்டேன்" என்றாய். கிளைவ், நீ கொடுக்கவில்லை. ஒன்பது வருஷமாக இந்த விமானத்தில் 'உங்கிட்ட குடுக்கறேன்' என்று ஒருவர் சொல்லாமலும் 'வாங்கிட்டேன்' என்று மற்றவர் சொல்லாமலும் பிடி கைமாறியதே கிடையாது. மெர்வ் நம்மைத் திட்டித் திட்டிப் பழக்கியது அது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். அன்றைக்கு நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த இடத்தில் உனக்கு ஞாபகம் இல்லை. ஓட்டையை உன் மூளையே ஒரு கதை கட்டி அடைத்துக்கொண்டது. நீ பொய் சொல்கிறாய் என்று நான் நினைக்கவில்லை. நீ பொய் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். 'ஆமாம்' என்று சிரித்துவிட்டு, விமானத்தைக் கொட்டகைக்குத் தள்ளினேன். இரண்டு வாரத்தில் நீ வெலிங்டன் போய்விட்டாய், எனக்கும் வசதியாகப் போய்விட்டது. ஏன் சொல்லவில்லை என்று இந்த மூன்று மாதமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். உன் மனசு புண்படும் என்றா? அதெல்லாம் இல்லை. சொன்னால் நீ பறப்பதை விடுவாய். நீ விட்டால் எனக்குச் சனிக்கிழமை இல்லை. இந்த அறுபத்து மூன்று வயதில் வாரம் பூராவும் நான் காத்திருப்பது அந்த ஒரு நாளுக்குத்தான். என் சனிக்கிழமைக்காக உன் உயிரை வைத்து விளையாடியிருக்கிறேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இப்போது வாயைத் திறக்கக் காரணம் உன் மகள் டாம்சின். பெர்த்திலிருந்து செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாள். அக்டோபரில் நீ வந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு கடற்கரை வரைக்கும், ரோபுக்கு, பறந்துபோய் மீன் சாப்பிட்டு வரப்போகிறீர்களாமே. "பை எத்தனை கிலோ இருக்கலாம் ஜோஸ்? எனக்குக் கொஞ்சம் பயம்தான், ஆனா அப்பா எவ்வளவு ஆசையா கூப்பிடறார் பாருங்க" என்றாள். எட்டுக் கிலோ என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் சமையலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு ஓட்டத் தெரியாது, கிளைவ். அவளால் 'அப்பா, அப்பா' என்று கூப்பிடத்தான் முடியும்.

வேலையில் நீ எப்படி இருந்தாய் என்று நினைத்துப் பார். உன் நிரலை நீயே சரிபார்த்ததாக ஒருநாளாவது கையெழுத்துப் போட்டிருக்கிறாயா? உன் நிரல் இயக்கிய கால்வாய் மதகு தானாகத் திறந்துகொண்டு அந்த விவசாயியின் பருப்பு வயல் மூழ்கியபோது, அலுவலகமே காரணம் தேடிக்கொண்டிருக்க, நீ மட்டும் காரை எடுத்துக்கொண்டு போய் "தப்பு என்னோடதுங்க" என்று அவர் வாசலில் நின்றாய். பிழையைக் கண்டுபிடித்தவர்தான் அதை முடித்துவைக்கலாம், எழுதியவர் முடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டவனும் நீதான். நிரலுக்கு அவ்வளவு பார்த்தவன் உடம்புக்கு மட்டும் நீயே எழுதி, நீயே பார்த்து, நீயே கையெழுத்துப் போட்டால் எப்படி?

அங்கேயே நல்ல நரம்பு டாக்டராகப் பார். பதினோரு வினாடி என்று சொல், உனக்குத் தெரியாமல் நடந்தது என்றும் சொல். சின்ன விஷயமாக இருக்கலாம், மாத்திரையோடு போகலாம். எதுவாக இருந்தாலும் டாக்டர் பார்த்துச் சொல்கிறவரைக்கும் வெலிங்டன் மலைச் சாலையில் கார் ஓட்டாதே, பஸ்ஸில் போ. டாம்சினிடம் நீயே சொல். ரோபுக்கு அவளை நான் அழைத்துப் போகிறேன், நீ சாலை வழியாக யாருடனாவது வந்து சேர்.

புதுப் படிவம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு உண்மையை எழுதி அனுப்பு. மறுபடியும் 'இல்லை' என்று வந்தால், ஜூன் மாதம் நடந்ததை நானே எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவிடுவேன். இது மிரட்டல் என்று தோன்றினால் தோன்றட்டும். அதற்கப்புறம் நீ என் முகத்தில் முழிக்க மாட்டாய் என்று தெரியும். ஒரு வாரமாக அதையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். நீ என்னோடு பேசாமல், எங்கேயாவது நன்றாக இருந்தால், அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். தயவுசெய்து.

உன்,
ஜோஸ்லின்