படை இல்லையாம்

செவ்வாய், இரவு

இவருடைய இடுப்பிலும் முதுகிலும் இருப்பது படை இல்லையாம். தோலில் வருகிற அபூர்வமான புற்றுநோயாம், லிம்போமாவில் ஒரு வகை. சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்த திருவனந்தபுரத்து டாக்டரம்மா இன்று சொன்னார். ஆரம்பம்தான், ஒளி சிகிச்சையில் அடக்கி வைக்கலாம் என்றார்.

திரும்பும்போது கோட்டாறில் இவரையும் இழுத்துக்கொண்டு இறங்கினேன். மூன்று வருஷமாகப் படைக்குக் களிம்பு எழுதித் தந்த அந்தத் தோல் டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

“பார்த்தா படை மாதிரியேதான் இருக்கும்மா. யாராலும் கண்டுபிடிக்க முடியாது.”

“நீங்க எப்பம் பாத்திய? ஒரு தடவையாவது சட்டையக் கழத்தச் சொன்னியளா?”

மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வாசல் பலகையில் அத்தனை பட்டம். கண் மட்டும் இல்லை.

பஸ்ஸில் இவர், “விடுட்டி, அவரு என்ன செய்வாரு?” என்றார். இப்படியும் ஒரு புருஷன், கோபம்கூட வராது.

வீட்டுக்கு வந்ததும் தன் தனிச் சோப்பை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். தொற்றிவிடும் என்று நான்தான் பிரித்து வைத்தேன். துண்டும் தனி, பாயும் தனி. மூன்று வருஷம் அந்த முதுகை நானும்தான் பார்க்கவில்லை. அந்த டாக்டரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

“இந்தாருங்க, என் சோப்பையே போடுங்க” என்றேன்.

“ஒட்டிராதாட்டி?” என்று சிரித்தார்.

சிரிக்காமல் என் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம்.